பெரும்பாக்கம் கற்றதைச் செம்மஞ்சேரி அறியட்டும்: வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், சென்னை.
நகல்: வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, வாரியத்தின் சமுதாய வளர்ச்சிப் பிரிவு, குடியிருப்போர் நலச் சங்கங்கள்.

வணக்கம்.

வாரியக் குடியிருப்புகளில் பராமரிப்பு, சங்கம் அமைத்தல், மறுகுடியமர்வு ஆகிய வேலைகளில் உள்ளவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பயிற்சிக்கென்று ஒதுக்கும் பணத்திலும் நாட்களிலும் பாதியையாவது, ஒரு குடியிருப்பில் வேலை பார்ப்பவர்களும் வாழ்பவர்களும் இன்னொரு குடியிருப்புக்குப் போய், அங்கே அதே வேலையைச் செய்பவர்களிடம் நேரில் கற்றுக்கொள்ள ஒதுக்குங்கள்.

1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் இன்றைய பெயரைப் பெற்ற வாரியத்துக்கு அரை நூற்றாண்டு அனுபவம் உண்டு. அந்த அனுபவம் எங்கே இருக்கிறது என்று தேடினால் கோப்புகளில் அதிகம் கிடைக்காது. சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்பான கண்ணகி நகரில் எந்தச் சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) மழைக்கு முதலில் பொங்கும் என்று தெரிந்த பம்ப் ஆப்பரேட்டரிடம் இருக்கிறது. அதுபோன்ற இன்னொரு குடியிருப்பான பெரும்பாக்கத்தில் லிஃப்ட் நின்றுபோன இரவில் ஏழாவது மாடிக் கர்ப்பிணியை எப்படி இறக்குவது என்று ஏற்பாடு செய்துவைத்திருக்கும் சங்கத்துப் பெண்களிடம் இருக்கிறது. இவர்களில் ஒருவர் ஓய்வு பெற்றால், அல்லது ஓர் உதவிப் பொறியாளர் வேறு கோட்டத்துக்கு மாற்றலாகிப் போனால், அந்த அறிவு அவரோடு போய்விடுகிறது. பிறகு வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

இப்போதைய பயிற்சிகள் பயனற்றவை என்று சொல்லவில்லை. புதிய கட்டுமான முறைகள், திட்ட விதிகள், இணையவழி ஒப்பந்தப்புள்ளி போன்றவற்றை அரங்கில் அமர்ந்தே கற்கலாம். பிரதமரின் வீட்டுவசதித் திட்டம் 2015இல் தொடங்கி, 2024இல் இரண்டாம் கட்டத்துக்கு வந்தபோது விதிகள் மாறின. அப்படிப்பட்ட மாற்றங்களை ஒரு நாள் வகுப்பில் சொல்லிவிட முடியும். குளியலறைக் கசிவை அப்படிச் சொல்லித்தர முடியாது.

கசிவையே எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டுச் சண்டைக்குப் பெரிய காரணங்களில் ஒன்று அது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படிகிறது. மேல்வீட்டுக்காரர் தன் வீட்டில் ஒன்றுமில்லை என்கிறார். வாரியத்திலிருந்து ஆள் வந்து கீழ்க்கூரையில் பட்டி பார்த்து வண்ணம் அடித்துவிட்டுப் போகிறார். ஓரிரு மாதத்தில் பூச்சோடு சேர்ந்து அதுவும் உரிந்து விழுகிறது. இதில் விட்டுப்போனது நோய் எது என்று பார்க்கும் வேலை. ஈரம் இரவும் பகலும் ஒரே அளவில் இருந்தால் தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை. குளித்து, துவைத்த பிறகு மட்டும் கூடினால் கழிவுக்குழாய் இணைப்பு அல்லது தரை. மழை நாளில் மட்டும் வந்தால் வெளிச்சுவர் அல்லது ஜன்னல் ஓரம். இதைக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதிக்கு ஒரு சோதனை செய்ய வேண்டும்: மேல்வீட்டுக் குளியலறையின் டிராப்பை (தண்ணீர் வெளியேறும் தரைவாய்) துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து இறுக அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட வேண்டும். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு வைக்க வேண்டும். மட்டம் இறங்கிக் கீழே ஈரம் கூடினால் தரையின் வாட்டர் புரூஃபிங் (நீர் கசியாமல் தடுக்கும் பூச்சு) போய்விட்டது. மட்டம் அப்படியே நின்று, அடைப்பை எடுத்துத் தண்ணீர் ஓடும்போது ஈரம் வந்தால் டிராப் அல்லது குழாய் இணைப்பு. முதலாவதற்குத் தரையை உடைக்க வேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் திறந்து சரிசெய்துவிடலாம்.

சோதனையைப் பொறியாளர் அறிவார். ஆனால் ஒரு நாள் முழுவதும் குளியலறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று மேல்வீட்டுக் குடும்பத்திடம் யார் சொல்வது? அந்த ஒரு நாளுக்கு அவர்கள் எந்த வீட்டுக் குளியலறைக்குப் போவார்கள்? டைல்ஸ் மாற்றும்போது வாட்டர் புரூஃபிங்கைக் கொத்திவிட்டார்கள் என்று தெரியவந்தால் செலவு யாருடையது? இங்கே குடும்பங்களோடு பேசிச் சங்கம் அமைக்கும் சமுதாய அமைப்பாளர் இல்லாமல் பொறியாளரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. பொறியாளர் இல்லாமல் அமைப்பாளர் பேசும் சமாதானமும் நிற்காது. இருவருக்கும் தனித்தனி அறையில் தனித்தனிப் பயிற்சி நடக்கிறது. இதைச் சாதித்துக் காட்டிய ஒரு பிளாக்குக்கு இருவரையும் ஒன்றாக அனுப்பி, அந்த மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் இருவரோடும் உட்காரவைத்தால் அரை நாளில் புரிந்துவிடும்.

இந்த முறை தமிழர்களுக்குப் புதிதல்ல. கோலார் தங்கவயலில் பிறந்து, இளவயதில் மும்பைக்குப் போய்க் குடிசைப் பகுதியிலேயே வாழ்ந்த ஜோக்கின் அற்புதம் 1970களில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டியெழுப்பினார். ஒரு சேரியைச் சேர்ந்தவர்களே இன்னொரு சேரிக்குப் போய்க் கணக்கெடுப்பும் சேமிப்பும் கற்றுத்தருவதுதான் அவர்களது வழி. 1980களில் மும்பை பைகுல்லாவின் நடைபாதைவாசிப் பெண்கள் தாங்கள் விரும்பும் வீட்டை முழு அளவில் மாதிரியாக நிறுத்தி, உள்ளே நடந்து பார்த்து, எது போதும், எது போதாது என்று அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். இப்படி ஒருவரை ஒருவர் போய்ப் பார்க்கும் பழக்கம் தென்னாப்பிரிக்கா வரை போனது. 1996இல் பல நாட்டுக் குடிசைவாசிகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு பிறந்தது. ஜோக்கினுக்கு 2000இல் மகசேசே விருது கிடைத்தது.

அரசே இதைச் செய்ய முடியும் என்பதற்குக் கடல் தாண்டி அருகிலேயே சான்று உண்டு. இலங்கையில் 1984 முதல் நடந்த பத்து லட்சம் வீடுகள் திட்டத்தில், தேசிய வீடமைப்பு அதிகார சபை இரண்டு நாள் பட்டறைகளை நடத்தியது. குடியிருப்பவர்களும் அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்ந்து, பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, எதைக் கொடுத்து எதைப் பெறுவது என்று பேசி, யார் என்ன செய்வது என எழுதி முடித்தார்கள். அதன் தொடர்ச்சியாகக் கிணறு, கழிப்பறை, வடிகால் போன்ற சிறு வேலைகள் அந்தந்த சமுதாய அபிவிருத்திச் சபைகளுக்கே ஒப்பந்தமாகப் போயின. பட்டறையின் முடிவில் ஒரு வேலையும் அதற்கான பணமும் இருந்ததால்தான் மக்கள் வந்தார்கள். எங்கள் பார்வையில், இங்கே நடக்கும் பல கூட்டங்களில் இல்லாதது இதுதான்.

நாங்கள் முன்வைக்கும் சந்திப்பு முறையை விரிவாகவே சொல்கிறோம். மேலோட்டமாகச் சொன்னால் அது இன்னொரு சுற்றுலாவாகிவிடும்.

ஒரு சந்திப்புக்கு ஒரே ஒரு பொருள். "பராமரிப்பு" என்று வைத்தால் எல்லாவற்றையும் பேசி எதையும் கற்காமல் திரும்புவார்கள். "குளியலறைக் கசிவு", "லிஃப்ட்", "சங்கக் கணக்கு", "தண்ணீர் பங்கீடு" என்று ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். போகிறவர்கள் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் ஒரு வீட்டுக் கூடத்தில் அவ்வளவு பேர்தான் அமர முடியும். அதில் உதவிப் பொறியாளர் இருவர், சமுதாய அமைப்பாளர் இருவர், பிளம்பரோ பம்ப் ஆப்பரேட்டரோ இருவர், சங்கத்தார் ஆறு பேர். அந்த ஆறில் நால்வராவது பெண்கள். தலைவர் மட்டும் வரக்கூடாது. பணம் வசூலிக்கிறவர் கட்டாயம் வர வேண்டும்.

நேரம் முக்கியம். காலைத் தண்ணீரும் பள்ளிக்கூடமும் முடியாமல் பெண்களால் கிளம்ப முடியாது. பிள்ளைகள் திரும்பும் நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும். ஆகவே பத்தரை முதல் மூன்றரை வரை, இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று அன்றைக்கு வைப்பவர்கள் உண்டு. அன்றுதான் வீட்டில் வேலை அதிகம்.

முதல் நாள் மொட்டை மாடியில் தொடங்கி, மேல்நிலைத் தொட்டி, குழாய்ப் பாதை, வீடுகள், லிஃப்ட் அறை, சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), சேம்பர் என்று கீழே இறங்க வேண்டும். தண்ணீர் போகும் வழியில் போனால் எதுவும் விடுபடாது. வரவேற்கும் குடியிருப்பு சரியாக நடக்கும் பிளாக் ஒன்றையும், சரிப்படாத பிளாக் ஒன்றையும் காட்ட வேண்டும். இதை ஆணையிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால், அமைச்சர் வருகைக்குச் செய்வதைப்போலச் சுண்ணாம்பு அடித்து நல்லதை மட்டும் காட்டுவார்கள். வந்தவர்கள் "எங்கள் இடத்தில் இது நடக்காது" என்ற எண்ணத்தோடு திரும்புவார்கள்.

மதியம் கணக்குப் புத்தகங்கள். ரசீது புத்தகம், ரொக்கப் பேரேடு, தீர்மானப் புத்தகம் மூன்றையும் விரித்துவைத்து, ஒரு மாதத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 96 வீடு உள்ள பிளாக்கில் வீட்டுக்கு 250 ரூபாய் என்றால் மாதம் 24,000 ரூபாய் வர வேண்டும். பத்தில் ஆறு வீடு மட்டும் கட்டினால் வருவது ஏறத்தாழ 14,500தான். பராமரிப்புக்கான "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்தில் குடியிருப்போர் செலுத்தும் தொகைக்கு ஈடாக அரசும் பங்கு தருவதால், வசூல் குறைந்தால் இழப்பு இரட்டிப்பாகிறது. கட்டாத பத்தில் நால்வர் ஏன் கட்டவில்லை என்பதுதான் கற்க வேண்டிய பாடம். சிலரிடம் பணமில்லை. சிலர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ இருக்கிறார்கள். கீழ்த்தளத்துக்காரர் "எனக்கு எதற்கு லிஃப்ட் செலவு" என்கிறார். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு பிளாக் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. வாரச் சம்பளக்காரர்களிடம் மாதத்தொகையை நான்காகப் பிரித்துச் சனிக்கிழமை மாலையில் வாங்குவது அவற்றில் ஒன்று.

தண்ணீரும் கணக்குதான். நகரங்களுக்கான நெறிமுறைப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் அதே 96 வீட்டுக்கு 51,840 லிட்டர், அதாவது ஒன்பதாயிரம் லிட்டர் லாரியில் ஆறு லோடு. மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் ஏற்றும் மோட்டார் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். இடையில் மின்சாரம் போனால் மேல்மாடிக்குத்தான் முதலில் வறட்சி. இந்தக் கணக்கைச் சங்கத்துப் பெண்களே போட்டுப் பார்த்த இடத்தில், மோட்டார் ஆளைத் திட்டும் பேச்சு நின்று, சம்ப்பின் கொள்ளளவு பற்றிய பேச்சு தொடங்கும்.

இரண்டாம் நாள் முற்பகல், வந்தவர்கள் மட்டும் தனியாக அமர்ந்து, தங்கள் குடியிருப்பில் 45 நாளில் செய்யப்போகும் மூன்று வேலைகளை எழுத வேண்டும். "விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்" என்றெல்லாம் எழுதக்கூடாது. "பி பிளாக்கில் ஈரம் உள்ள எல்லா வீட்டிலும் தண்ணீர் கட்டிச் சோதிப்போம், பொறுப்பு இன்னார்" என்று எழுத வேண்டும். பிறகு வரவேற்றவர்கள் முன் படிக்க வேண்டும்; அது ஏன் நடக்காது என்று அவர்கள் சொல்லித் திருத்த வேண்டும். 45ஆம் நாள் வரவேற்றவர்கள் பதில் வருகை போவார்கள். இந்தப் பதில் வருகைதான் முறையின் உயிர். ஒருவர் வந்து பார்க்கப்போகிறார் என்று தெரிந்தால்தான் வேலை நடக்கும். வருகிறவர் மேலதிகாரியாக இல்லாமல் சக ஆளாக இருந்தால்தான் நடக்காததை மறைக்காமல் சொல்வார்கள்.

செலவு பெரிதல்ல. சங்கத்தார் ஆறு பேருக்கு இழந்த கூலியாக நாளுக்கு 800 வீதம் 9,600 ரூபாய், இருபுறமும் சேர்த்து இருபது பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு 8,000, வேன் 8,000, அச்சு, புகைப்படம் 2,000. மொத்தம் 27,600 ரூபாய். இது எங்கள் மதிப்பீடு. வெளிமாவட்டம் என்றால் தங்கும் செலவு சேரும். கூலியைக் கட்டாயம் கொடுங்கள். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களைக் கூலியில்லாமல் இரண்டு நாள் அழைத்தால், போக முடிந்தவர்கள் மட்டும் போவார்கள். போக வேண்டியவர்கள் போகமாட்டார்கள். ஊழியர்களுக்குப் பணிநிமித்தப் பயண ஆணை வேண்டும். இல்லையேல் ஆய்வுக் கூட்டம் ஒன்று குறுக்கிட்டதும் முதலில் ரத்தாவது இதுதான்.

அடுத்தது, தவறுகளை எழுதிவைப்பது. 2021இல் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கையால் சுரண்டினாலே உதிர்ந்தது மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. சென்னை ஐஐடி வல்லுநர்கள் ஆய்வு செய்தார்கள். அதிலிருந்து கற்கக்கூடியதை மதுரையிலோ கோவையிலோ தளத்தில் நிற்கும் இளம் பொறியாளர் எளிய தமிழில் நான்கு பக்கத்தில் படிக்க முடிய வேண்டும். பூச்சு உதிரப் பொதுவான காரணங்கள் சில: சிமெண்ட் குறைவு, மண் கலந்த மணல், வழவழப்பான கான்கிரீட் பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் பூசுவது, கலவையை மணிக்கணக்கில் வைத்திருந்து மீண்டும் தண்ணீர் ஊற்றிப் பூசுவது, பூசிய பின் நனைத்து வைக்காமல் (நீராற்றாமல்) விடுவது. மரச் சுத்தியலால் தட்டினால் பொள்ளென்ற ஓசை வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடச் சங்கத்தாருக்கும் கற்றுத்தரலாம். வீட்டை ஒப்படைக்கும் முன் பயனாளிகள் இருவர் இந்தச் சோதனையில் உடன் இருந்தால் பல பூசல்கள் பின்னால் வராது.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் கட்டடம் இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. உயிரிழப்பு இல்லை. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் வெளியேறியதே காரணம். அவர்கள் எதைப் பார்த்தார்கள், எப்படி முடிவெடுத்தார்கள், ஒருவரை ஒருவர் எப்படி எச்சரித்து வெளியே கொண்டுவந்தார்கள் என்பதை அந்த மக்களின் வாயாலேயே மற்றப் பழைய குடியிருப்புகள் கேட்க வேண்டும். அதோடு ஒரு சிறு பயிற்சியும்: விரிசலுக்குக் குறுக்கே சிமெண்டால் ஒரு சிறு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதிவைப்பது. துண்டு உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது. உடனே பொறியாளரை அழைக்க வேண்டும். தூணிலோ விட்டத்திலோ விரிசல் என்றால் கண்ணாடிக்குக் காத்திருக்கவே கூடாது.

பெரும்பாக்கத்தில் முன்வார்ப்பு முறையில் (சுவர், தளப் பகுதிகளை முன்பே வார்த்துவந்து பொருத்தும் முறை) கட்டப்பட்ட 1,152 வீடுகளின் கலங்கரை விளக்கத் திட்டம் (லைட் ஹவுஸ் புராஜெக்ட்) 2022 மே மாதம் திறக்கப்பட்டது. கட்டும் காலத்தில் பொறியாளர்களும் மாணவர்களும் வந்து பார்த்துக் கற்கும் நேரடி ஆய்வுக்கூடமாக அது இருந்தது. நல்ல ஏற்பாடு. அது கட்டி முடிந்ததோடு நிற்கக்கூடாது. முன்வார்ப்புப் பலகைகளின் இணைப்புகளில் உள்ள அடைப்பான் காலப்போக்கில் எப்படி இருக்கிறது, சுவரில் விரும்பிய இடத்தில் துளையிட முடியாத வீட்டில் பரணும் தொட்டிலும் எப்படி மாட்டுகிறார்கள் என்பதெல்லாம் குடியேறிய பிறகுதான் தெரியும். குடியிருப்பவர்களையே வழிகாட்டிகளாக வைத்து, உரிய ஊதியம் தந்து, அந்த ஆய்வுக்கூடத்தைத் தொடருங்கள்.

இதுவரை சொன்னவை குடியேறிய பின் வருபவை. இடம்பெயரும் முன் நடக்க வேண்டிய சந்திப்பு ஒன்றும் உண்டு, அதில்தான் எங்கள் மனம் அதிகம் நிற்கிறது. ஆற்றங்கரையிலிருந்தோ கால்வாய் ஓரத்திலிருந்தோ ஒரு பகுதியை மாற்றப்போகிறீர்கள் என்றால், அந்தப் பகுதியின் பெண்கள் முன்பே இடம்பெயர்ந்தவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். அதிகாரி உடன் நில்லாத ஒரு மணி நேரமாவது அவர்கள் தனியே பேச வேண்டும். குடும்ப அட்டை முகவரி மாற்றம் எவ்வளவு நாள் இழுக்கும், எந்தப் பேருந்தில் ஏறினால் பழைய வேலைக்கு நேரத்துக்குப் போகலாம், பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை எப்போது வாங்குவது, கல்வியாண்டின் நடுவில் மாறினால் என்ன ஆகும், முதல் மாத மின்கட்டணம் எவ்வளவு வரும் என்று அவர்கள் கேட்பார்கள். மனக்குறைகளும் வெளிவரும். வரட்டும். அந்தக் குறைகளின் பட்டியல்தான் உங்கள் இடமாற்றத் திட்டத்தின் வேலைப்பட்டியல்.

இவற்றை நடத்த, சமுதாய வளர்ச்சிப் பிரிவில் இதற்கென்றே ஒருவரை மூன்றாண்டுக்கு மாற்றலின்றி அமர்த்துங்கள். எந்தக் குடியிருப்புக்கு எது கைவந்திருக்கிறது என்ற பதிவேடு அவரிடம் இருக்கட்டும்: இந்த பிளாக் வசூலில் தேர்ந்தது, அந்த பிளாக் லிஃப்ட் ஒப்பந்தத்தைக் கண்காணிப்பதில் தேர்ந்தது என்று. ஆட்களின் பெயரும் எண்ணும் அவரவர் சம்மதத்தோடு அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது. காலை வணக்கத்துக்கு நடுவில் கசிவுப் படம் தொலைந்துபோகும். குழு வைத்தால் ஒரு பொருளுக்கு ஒன்று என்று வைத்து, கேட்ட கேள்வியையும் கிடைத்த விடையையும் மாதம் ஒருமுறை ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பிளாக்கின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்.

முதல் சந்திப்பைச் செப்டம்பரில் வையுங்கள், அக்டோபர் மழைக்கு முன்பு. பொருள்: மழைநீர்க் குழாயும் சேம்பரும். செம்மஞ்சேரியிலிருந்து பன்னிரண்டு பேர் பெரும்பாக்கத்துக்குப் போகட்டும். 45 நாள் கழித்துப் பதில் வருகை நடக்கும்போது மழை பெய்துகொண்டிருக்கும். செய்த வேலை பலித்ததா என்று இரு தரப்பும் குடை பிடித்து நின்று பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாரியக் குடியிருப்புகளில் பணிபுரியும் களப்பணியாளர்கள், பொறியாளர்கள், சங்கப் பொறுப்பாளர்கள் சிலர்
சென்னை